வெறும் பென் டிரைவைத் திருப்பித் தராத மலை

பழைய விண்டோஸுக்கு இனிமேல் ஆதரவு கிடையாது என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதைக் கம்பெனி நம்பிவிட்டது, கொல்லிமலை இன்னும் நம்பவில்லை. எனக்குப் பின்னால் சர்வீஸ் வேலைக்கு வந்தவர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். "அண்ணா, ஊட்டுல வெச்சிருக்கற பழைய சிஸ்டத்துக்கு என்னத்தப் போடறதுங்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கோணும்ங்கறாங்களே?"

என் பதிலும் ஒன்றுதான். லினக்ஸ் மிண்ட் போடு, பழைய மாடும் உழும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ். படம் பார்க்க வி.எல்.சி. இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ். போட்டோ திருத்த கிம்ப். எல்லாமே இலவசம். அதைவிட முக்கியம், எல்லாமே திறந்த மூல மென்பொருள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம், போலீஸ் வராது.

இதைச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கத்துக் குரல் ரகசியம் கேட்பது போலத் தாழ்ந்துவிடும். "சும்மாவே தாராங்களாங்க? அப்ப உள்ள என்னமோ இருக்குமுங்களே?"

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று நம் ஆட்களைப் பற்றி ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னவன் நம் ஆட்களுக்கு இலவச மென்பொருள் கொடுத்துப் பார்த்ததில்லை. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள், திருட்டு மாட்டை மட்டும் பல்லையும் பார்க்காமல் வாலையும் பார்க்காமல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். "லட்ச ரூபா சாப்ட்வேருங்க அண்ணா, பூட்டை ஒடச்சு வெச்சிருக்குது" என்று அதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். என் வேலைக்காலம் முழுவதும் இந்த இரண்டு மாடுகளுக்கும் நடுவில்தான் கழிந்தது.

நான் கம்ப்யூட்டர் கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாமக்கல்லில் ஒரு மாடி அறையில், பத்துப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ற விகிதத்தில், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் படித்தேன். பிறகு ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். மலைக்கு என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், எழுபது கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு வாந்தி வராது. அந்தத் தகுதியோடு மலைமேல் செம்மேட்டில் ஒரு ஷட்டர் கடையில் உட்கார்ந்தேன். புளியஞ்சோலைப் பக்கத்து ஊர்க்காரன் நான். எங்கள் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்தாலே மலை தெரியும். ஆனாலும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் ஏற முடியாது என்பதால், ஊரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தே காலம் தள்ளினேன்.

என் மேலதிகாரி மேனேஜர் தங்கவேல். நாமக்கல்லில் இருப்பார், மாதம் ஒரு முறை மலையேறி வருவார். அவரைப் போல அமைதியான மனிதரைப் பார்ப்பது அரிது. மனிதர்களையும் கம்ப்யூட்டரையும் ஒரே மாதிரி "சாமி" என்றுதான் கூப்பிடுவார். கெட்டுப்போன பெட்டி முன்னால் வந்து நின்று, புறங்கையை அதன் மண்டையில் வைத்து, காய்ச்சல் பார்ப்பது போலக் கண்ணை மூடுவார். பிறகு நாக்கால் 'த்சொ' என்று ஒரு சத்தம். அதன் பிறகு தீர்ப்பு.

"ஃபார்மட் அடிச்சிரு சாமி."

மெதுவாக ஓடுகிறதா, ஃபார்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா, ஃபார்மட். ஒரு முறை பெட்டிக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதற்கும் ஃபார்மட் அடிக்கச் சொன்னார். முதலில் எலிகளைக் காலி செய்துவிட்டு, அப்புறம் அவர் சொன்னபடி அடித்தேன். பெட்டி ஓடியது. "பாத்தியா?" என்றார்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் வாடிக்கையாளரிடம், "உள்ள முக்கியமானது எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். அவர், "ஒண்ணுமில்லீங்க" என்பார். இந்தக் கேள்விக்கு வேறு பதிலை நான் கேட்டதே இல்லை. அடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும். பையிலிருந்து சி.டி.யை எடுத்து, அதன் மேல் மார்க்கரால் எழுதியிருக்கும் நம்பரைப் பார்த்துப் பார்த்துத் திருட்டு விண்டோஸைப் போட வேண்டும். திருட்டு ஆபீஸையும் திருட்டு போட்டோஷாப்பையும் போடும்போது ஆன்டிவைரஸ் குறுக்கே விழுந்து கத்தும். அதை நிறுத்தி வைக்க வேண்டும். திருடன் வருகிறான் என்று குரைக்கிற நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்கு நாற்காலி போடுகிற வேலை இது. கடைசிப் படியை வாடிக்கையாளரே செய்வார். பெட்டியை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "ஏனுங்க, அதுல எம் பொண்ணு காதுகுத்துப் போட்டோ இருந்துச்சே?" என்பார்.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சி.டி.யில்தான் எனக்கு லினக்ஸ் அறிமுகம். பொழுது போகாமல் போட்டேன், பொழுது போதாமல் ஆனது. மேனேஜரிடம் சொன்னேன். "அண்ணா, இதையே எல்லாத்துக்கும் போட்டுரலாமுங்க. வைரஸ் தொந்தரவு கொறையும், திருட்டும் இல்ல."

"சும்மா கெடைக்கறதுக்கு எப்பிடி சாமி பில்லுப் போடறது?"

"திருட்டுக்கு மட்டும் போடறோமுங்களே?"

அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. "திருடுனதுக்காச்சும் கடையில ஒரு வெலை இருக்குது சாமி. உன்னதுக்கு அதுகூட இல்லையே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இத்தனை வருடம் கழித்தும் இதற்குச் சரியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, கடையில் போடக் கூடாது என்றால் கையில் கொடுப்போம் என்று பென் டிரைவில் இந்த மென்பொருள்களை ஏற்றி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். "எடுத்துட்டுப் போய்ப் போட்டுட்டுத் திருப்பிக் குடுங்க." அங்கேதான் மலையின் பண்பாடு என்னை அடித்தது.

இந்த மலையில் ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சாமையோ, நாலு பலாச்சுளையோ, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் மிளகாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன். பென் டிரைவும் பாத்திரம்தான் என்று இவர்கள் முடிவு செய்ததில்தான் வந்தது வினை. நான் கொடுத்த பென் டிரைவ் ஒன்றுகூட வெறுமனே வரவில்லை. புதுப் படம் வரும், ஐயப்பன் பாட்டு வரும், யாருடைய பெண்ணுக்கோ நடந்த சீர் வீடியோ வரும். அதோடு "உங்களுக்கு ஒதவுமுன்னு போட்டிருக்கறேனுங்க" என்று பூட்டை உடைத்த சாப்ட்வேரும், அதன் மடியில் வைரஸும் வரும். மலை முழுக்க வைரஸ் இப்படித்தான் மரியாதையோடு வீடு வீடாகப் போனது. பலாச்சுளையே கொடுத்திருக்கலாம்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஸ்டுடியோ வைத்திருந்த குணா இந்த மரியாதையில் முதல் ஆள். நல்ல கை அவனுக்கு, போட்டோ நன்றாக எடுப்பான். எடுத்த பிறகு செய்வதுதான் தாங்காது. செத்துப்போனவர்களின் படத்தைப் பெரிதுபண்ணித் தருவது அவன் தொழிலில் ஒரு பாதி. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, மாவு பூசினாற்போல வெளுப்பாக்கி, தயாராக வைத்திருக்கும் ஓர் உடம்பில் ஒட்டிவிடுவான். ஆணென்றால் கோட்டு, பெண்ணென்றால் நீலப் பட்டுச்சேலை. எங்கள் மலையில் இறந்துபோன பெண்கள் அத்தனை பேரும் ஒரே நீலப் பட்டுச்சேலையில்தான் சுவரில் இருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அதில் பாதிப் பேர் பட்டைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவனுக்கு கிம்ப் கொடுத்தேன். இரண்டே நாளில் பென் டிரைவ் திரும்பி வந்தது. உள்ளே பூட்டுடைத்த புது போட்டோஷாப். "கிம்ப்பு நல்லாத்தானுங்க இருக்குது அண்ணா. ஆனா சும்மாக் குடுக்கறதுல தொழில் பண்ணுனா கஸ்டமரு மதிக்க மாட்டானுங்க. இது முழு வெர்சன். உங்களுக்கும் ஒண்ணு போட்டிருக்கறேன்." நான் அதை அழித்தேன். அவன் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டான், நாயைக் கட்டிவிட்டுத்தான்.

ஒரு காலையில் கடை திறக்கும்போதே குணா வாசலில் நின்றான். முகத்தில் ரத்தமில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். தேவனூர் நாட்டுப் பக்கம் ஒரு ஊர், பெயர் செல்வி. ஒரு மாதத்துக்கு முன் அவளுக்குக் கல்யாணம், போட்டோ எடுத்தவன் குணா. ஆல்பம் இன்னும் போய்ச் சேரவில்லை. போட்டோக்காரர்கள் சொல்கிற 'அடுத்த வாரம்' எந்தக் காலண்டரில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் செல்வியின் அம்மா பழனியம்மாள் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை கருமாதி. படத்தை வைத்துப் படையல் போட வேண்டும். அந்த அம்மாளை வேறு யாரும் எப்போதும் போட்டோ எடுத்ததில்லை.

"ஆதார் கார்டுல ஒண்ணு இருக்குதுங்க அண்ணா" என்றாள் செல்வி. "அதைய மாட்டுனா எங்கம்மாவே வந்து கழட்டிப் போடுமுங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். குணாவின் அத்தனை போட்டோவும் பூட்டப்பட்டிருந்தது. டாலரில் பணம் கட்டினால் திறப்போம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் ஆங்கிலத்தில் நின்றது. பூட்டை உடைத்த சாப்ட்வேர் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"கேமரா கார்டு எங்க?" என்றேன்.

குணா தரையைப் பார்த்தான். அவனுடைய சொந்தக் கார்டுகளில் அதற்குள் வேறு விசேஷங்கள் ஏறி இறங்கிவிட்டன. கல்யாணத்தன்று அவை போதாமல், வாசலூர்பட்டி படகுத்துறையில் டூரிஸ்டுகளைப் படம் பிடிக்கிற மணி என்ற நண்பனிடம் பெரிய கார்டு ஒன்றைக் கடன் வாங்கியிருந்தான். கல்யாணத்தில் பெரும்பகுதி அதில்தான். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அப்ப கார்டு மணிகிட்ட பத்திரமா இருக்குமே?"

"இருக்குதுங்க அண்ணா. அவன் அதுல இன்னும் ஒண்ணும் எடுக்கலீங்க, வாங்கியாந்துட்டேன். ஆனா..."

"ஆனா?"

"வெறுங் கார்டை எப்பிடீங்க திருப்பிக் குடுக்கறது? அழிச்சுப்போட்டு, ஒரு படமும் கொஞ்சம் காமெடியும் ஏத்திக் குடுத்தேனுங்க."

எனக்கு வாயில் வந்த வார்த்தைகளைச் செல்வி நின்றதால் விழுங்கினேன். அவள் குணாவைத் திட்டவில்லை. "ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதுமுங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். குணாவிடமிருந்து கார்டை வாங்கக் கையை நீட்டினேன். ஃபார்மட் அடித்த கையாயிற்றே, இந்த மாதிரிக் குரலை வாசலுக்கு வெளியே அனுப்பிப் பழகிய கை.

குணா மேனேஜரிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தான். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது, மேனேஜர்தான்.

"கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிச்சிரு சாமி. அந்தக் கார்டையும் ஒருக்கா ஃபார்மட் பண்ணிப் பாரு. சில சமயம் வந்துரும்."

"அண்ணா... சரியாக் கேக்கலீங்க... மலையில டவர் இல்லீங்க" என்று சொல்லி போனை அணைத்தேன். டவர் எங்கள் கடைக்கு எதிரில்தான் நிற்கிறது. மலையில் வேலை செய்வதில் உள்ள சலுகைகளில் இது முக்கியமானது.

இனி நான் செய்ததைத் தொழிலில் இருப்பவர்கள் கவனித்துப் படிக்கட்டும். கார்டின் விளிம்பில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளினேன். இனி அதில் யாரும் எதுவும் எழுத முடியாது. குணாவின் பெட்டியைத் தொடவே இல்லை. என் பழைய லேப்டாப்பில் மிண்ட் ஓடிக்கொண்டிருந்தது. கார்டில் இருப்பதை அடி முதல் நுனி வரை அப்படியே ஒரு நகல் எடுத்தேன். அசலை எடுத்து வைத்துவிட்டு நகலில்தான் வேலை. பிறகு போட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டினேன். அதுவும் இலவசம்தான், திறந்த மூலம்தான். பார்ப்பதற்கு லட்சணம் கிடையாது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். அழித்த கார்டில் கோப்பின் பெயர்தான் போகிறது, மேலே வேறொன்று எழுதப்படாத வரை படம் அங்கேயே கிடக்கும். போட்டோரெக் பெயரைத் தேடாது, படத்தைத் தேடும்.

குணா ஏற்றிய சினிமா, கார்டின் ஆரம்பத்திலிருந்தே இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. கல்யாணக் காலை, முகூர்த்தம், தாலி, மாலை எல்லாம் அதன் அடியில் நசுங்கிப் போயிருந்தன. செல்விக்கு அதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். மிஞ்சியிருந்தவற்றைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன், முதலில் வந்தவை படகுத்துறைப் படங்கள். மணி முன்பு எப்போதோ எடுத்தவை. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு கன்னத்தோடு கன்னம் ஒட்டிய புது ஜோடிகள். யாரென்றே தெரியாத அவர்கள் ஒவ்வொருவராகத் திரையில் சிரித்துவிட்டுப் போனார்கள். குணா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். செல்வி கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ஒரு வாழை இலை வந்தது. பந்தல் கால் வந்தது. சோற்று அண்டா, எச்சில் இலையைச் சுருட்டும் ஒரு கை, ஆள் எழுந்துபோன பெஞ்சுகள். சினிமா முடிந்த இடத்துக்கும் படகுத்துறை தொடங்கிய இடத்துக்கும் நடுவே, கல்யாணத்தின் வால் மட்டும் மிஞ்சியிருந்தது.

அதில் ஒரே ஒரு படம். காலியான பந்தியின் ஓரத்தில், ஒரு அம்மாள் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். முடி கலைந்து, சேலை முந்தானை இடுப்பில் செருகி, வாய் நிறையச் சோறு. கேமராவைப் பார்த்து இடது கையை ஓங்கி, 'எடுக்காதே போ' என்று விரட்டுகிறாள். கண் மட்டும் சிரிக்கிறது.

செல்வி சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. குணா மட்டும் படத்தைத் தொழில்முறையாகப் பார்த்தான். "வாயில சோறு இருக்குதுங்களே அண்ணா. மூஞ்சிய மட்டும் வெட்டி, வாயைச் சின்னது பண்ணி, அந்த நீலச் சேலையில..."

"தொட்டீங்கன்னா தெரியும்" என்றாள் செல்வி.

நான் கிம்ப்பில் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினேன். முகத்தின் கருப்பு கருப்பாகவே இருந்தது, சோறு வாயிலேயே இருந்தது. குணாவே பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தான்.

படம் கிடைத்த விஷயம் மேனேஜர் காதுக்கு எட்டியிருந்தது. அடுத்த நாளே, "எதைய வெச்சு சாமி எடுத்த?" என்று விசாரித்தார். சொன்னேன். "சும்மாக் கெடைக்கறதா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "அதைய வெளிய சொல்லிட்டுத் திரியாத" என்றார். வெள்ளிக்கிழமை மலையேறி வந்து, எங்கள் கம்பெனிதான் எடுத்துக் கொடுத்தது என்று கருமாதி வீட்டில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். செல்விதான் பரிமாறினாள். சோறு, குழம்பு, கீரை, அந்த அம்மாளுக்குப் பிடிக்கும் என்று கருவாடு. அதற்குள் பந்தலில் ஆண்கள் இடம் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதல் இலையில் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில் செல்வியின் பெரியப்பா. "ம், சோத்தைக் கொண்டாங்க கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார் மேனேஜர்.

செல்வி கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"எந்திரிங்க எல்லாரும். எங்கம்மா இருந்தவரைக்கும் உங்க அத்தன பேருக்கும் போட்டுட்டுக் கடசிப் பந்தியிலதான் உக்காந்துச்சு. எங் கல்யாணத்துலயும் அப்பிடித்தான், அதனாலதான் இந்த ஒரு போட்டோவாச்சும் கெடைச்சுது. இன்னைக்கு அது மொதல்ல திங்கட்டும். அது கையக் கழுவற வரைக்கும் ஆரும் எலையில உக்காரக் கூடாது."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். மேனேஜரும் எழுந்தார். பந்தல் நிறைய ஆண்பிள்ளைகள் பசியோடு நின்றோம். சட்டத்துக்குள் பழனியம்மாள் வாய் நிறையச் சோற்றோடு எங்களை விரட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.